செப்புப் பள்ளத்தாக்கு ரயில் பயணம்: எங்கே இறங்குவது, கூடையை எப்படி வாங்குவது

மெக்சிகோவின் வடமேற்கில், பசிபிக் கரையோரச் சமவெளியில் இருக்கும் லோஸ் மோச்சிஸ் நகரத்தையும் மேட்டுநிலத்தில் இருக்கும் சிவாவா நகரத்தையும் (நாயினத்தின் பெயரால் நமக்கு அறிமுகமான அதே சிவாவாதான்) இணைக்கும் இருப்புப்பாதையை அங்குள்ளவர்கள் ‘செப்பே’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். சிவாவா, பசிபிக் என்ற இரு சொற்களின் முதல் எழுத்துகளை ஸ்பானிய மொழியில் ‘சே’, ‘பே’ என்று உச்சரிப்பதிலிருந்து வந்த பெயர் அது. 1880களில் கனவாகத் தொடங்கி, புரட்சியாலும் பணத்தட்டுப்பாட்டாலும் பலமுறை நின்று, 1961ஆம் ஆண்டில்தான் இந்தப் பாதை முழுமையடைந்தது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளத்தில் 86 சுரங்கங்களையும் 37 பாலங்களையும் கடந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்குகிறது. செப்புப் பள்ளத்தாக்கு என்னும் பெரும்பள்ளத் தொகுதி இதன் வழியில்தான் இருக்கிறது.

இந்த எண்களைப் படித்துவிட்டு வருபவர்களில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ரயிலே பயணம் என்று எண்ணி, ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும்படி சீட்டு வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செல்பவருக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் இருக்கையும், அதில் பள்ளத்தாக்கைக் காணக் கால் மணி நேரமும்தான் கிடைக்கும். ஏனெனில் பெரும்பள்ளம் ரயில் சன்னலிலிருந்து தெரிவதில்லை. பாதை பக்கவாட்டு ஆற்றுப்பள்ளங்களின் வழியாக ஏறி, பின்னர் மலைவிளிம்பின் பைன் காடுகளுக்குள் நுழைந்துவிடுகிறது. திவிசதேரோ நிலையத்தில் இறங்கிச் சில நூறு அடி நடந்தால் மட்டுமே அந்த ஆழம் கண்முன் விரியும். இந்த மலைவாழ் மக்கள் முடையும் கூடை முதலான கைவினைப் பொருள்களின் கதையும் இதுவேதான்: ரயில் நிற்கும் சில நிமிடங்களில் அவசரமாக வாங்கப்படுவது ஒன்று, அந்த மண்ணில் இரண்டு நாள் தங்கியபின் வாங்கப்படுவது வேறொன்று. எனவே இந்த வழிகாட்டி முழுவதும், பயணத்தை எங்கே துண்டாக்குவது என்ற கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

எந்தத் திசை, எந்த ரயில்

மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது லோஸ் மோச்சிஸ் பக்கமிருந்து ஏறிச் செல்வதே நல்லது. பாதையின் மிக அழகான பகுதி கடற்கரைச் சமவெளிக்கும் தெமோரிஸ் ஊருக்கும் அதற்கு மேலுள்ள மலைக்கும் இடைப்பட்டது. மேற்கிலிருந்து புறப்பட்டால் அது பகல் வெளிச்சத்தில் வந்துவிடும், சிவாவாவிலிருந்து புறப்பட்டாலோ அங்கே சேர்வதற்குள் மாலையாகிவிடும், குளிர்காலத்தில் இருட்டியே போகும்.

இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. 2018இல் தொடங்கப்பட்ட ‘செப்பே எக்ஸ்பிரஸ்’ லோஸ் மோச்சிஸுக்கும் க்ரேல் ஊருக்கும் இடையில் மட்டும், சில நிலையங்களில் மட்டும் நின்று செல்வது. பெரிய கண்ணாடிச் சன்னல்களும் உணவுப் பெட்டியும் உண்டு, கட்டணமும் அதற்கேற்ப உயர்வு. ‘செப்பே ரெகியோனால்’ என்பது சிவாவா வரை முழுத் தொலைவும் ஓடும் வண்டி. சிற்றூர்களிலும் நிற்கும், மூட்டையும் குழந்தையுமாக மலைவாசிகள் ஏறி இறங்குவார்கள், விலையும் குறைவு. காட்சிக்கு முதலாவது, மனிதர்களுக்கு இரண்டாவது என்பது என் கருத்து. ஒரு கட்டத்தை ஒன்றிலும் அடுத்த கட்டத்தை மற்றொன்றிலும் கடப்பவர்கள் உண்டு, அது நல்ல யோசனை. ஆனால் இரண்டுமே எல்லா நாள்களிலும் ஓடுவதில்லை. ஆகவே விடுதியைப் பதிவு செய்துவிட்டு ரயிலைத் தேடாமல், முதலில் நடப்பு கால அட்டவணையைப் பார்த்து, வண்டி ஓடும் நாள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் தங்கும் இரவுகளைப் பொருத்த வேண்டும். சீட்டு வாங்கும்போதே எங்கெங்கே இறங்கி எந்த நாளில் மீண்டும் ஏறுவீர்கள் என்பதைச் சொல்லி ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் வாரத்திலும் கோடை விடுமுறையிலும் டிசம்பர் இறுதியிலும் மெக்சிகோ மக்களே இந்த வண்டிகளை நிரப்பிவிடுவார்கள்.

கைக்கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லோஸ் மோச்சிஸ் இருக்கும் சினலோவா மாநிலத்துக்கும் சிவாவா மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. சிவாவா முன்னே செல்கிறது. 2022இல் நேரவலயம் மாற்றப்பட்டதால் பழைய வழிகாட்டி நூல்களில் இருப்பது பொருந்தாது. மலையில் தொலைபேசிக் குறியலை வந்துவந்து போகும் இடங்களில் கைப்பேசி எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று நம்ப முடியாது. சீட்டில் அச்சிட்டிருப்பது எந்த ஊர் நேரம் என்று நிலையத்தில் கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லத்தக்க விசா கையில் இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் தூதரகத் தளத்தில் உறுதிசெய்துகொள்க.

எப்போது செல்வது

செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை சிறந்த காலம். ஜூலை தொடங்கிப் பெய்த மழை ஓய்ந்து, மலைகள் பசுமையாக இருக்கும், அருவிகளில் நீரும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் க்ரேலில் பனி விழும், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அதே நாளில் பள்ளத்தின் அடியிலுள்ள உரிகே ஊரில் மாமரங்களின் கீழே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் மலை வறண்டு பழுப்பாகி, பள்ளத்தின் அடி தாங்க முடியாத சூடாகிவிடும். எந்த மாதமானாலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

எங்கே இறங்குவது

முதல் இரவை லோஸ் மோச்சிஸில் கழிப்பதைவிட, உள்நாட்டுப் பக்கமாகச் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல் ஃபுவெர்த்தே ஊரில் கழிப்பது மேல். 1564இல் நிறுவப்பட்ட காலனியக் கால ஊர் அது. ஆற்றங்கரையும் பழைய மாளிகைகளும் உண்டு, ரயிலும் அங்கே சற்றுத் தாமதமாக வருவதால் அதிகாலைத் தூக்கம் மிச்சமாகும். நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் உள்ளது. வாடகை வண்டியை முந்தைய இரவே சொல்லிவையுங்கள். அந்த வட்டாரம் யோரெமே மக்களுடையது (வெளியார் ‘மாயோ’ என்பார்கள், தென்மெக்சிகோவின் மாயர்களோடு தொடர்பில்லை). பஸ்கோலா நடனத்துக்காக அவர்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகளில் குதிரைமயிர் புருவமும் தாடியும் நீண்டு தொங்கும். முகமூடி வாங்க எண்ணமிருந்தால் இங்கேதான் வாங்க வேண்டும், மேலே மலையில் கிடைப்பது வேறு மக்களின் வேறு கைவேலை.

எல் ஃபுவெர்த்தேயைத் தாண்டி ஃபுவெர்த்தே ஆற்றின் நீண்ட பாலத்தைக் கடந்ததிலிருந்து தெமோரிஸ் வரை இருக்கையில் உட்கார வேண்டாம். பொதுவாக வலப்பக்கம் நல்லது என்று சொல்வார்கள். ஆனால் வண்டி வளைந்துகொண்டே ஏறுவதால் எந்தப் பக்கமும் நிலையானதன்று. தெமோரிஸில் பாதை ஒரே மலைச்சரிவில் மூன்று அடுக்குகளாக ஏறுகிறது. கீழே ஆற்றுப்பாலத்தின் மேல் நிற்கும்போது நிமிர்ந்து பார்த்தால் இன்னும் சற்று நேரத்தில் நாம் செல்லப்போகும் தண்டவாளம் தலைக்கு மேலே கோடாகத் தெரியும். மேலே போய்க் குனிந்து பார்த்தால் கடந்துவந்த பாலம் தீப்பெட்டி அளவில் கிடக்கும். இடையில் வண்டி ‘லா பேரா’ என்ற சுரங்கத்துக்குள் நுழைந்து உள்ளேயே அரைவட்டமாகத் திரும்பி, நுழைந்த திசைக்கு எதிர்த்திசையை நோக்கி வெளியே வருகிறது. சுரங்கத்தின் இருட்டில் திசை மாறியதை உடல் உணர்வதில்லை. வெளியே வந்ததும் வெயில் மறுபக்கச் சன்னலில் விழுவதைக் கண்டுதான் தெரிந்துகொள்கிறோம்.

இரண்டாவது நிறுத்தம் திவிசதேரோ, அல்லது அதற்குச் சற்று முன்னுள்ள பொசாதா பர்ரன்காஸ். பள்ளத்தின் விளிம்பிலேயே விடுதிகள் இருப்பதால் இங்கே ஓர் இரவேனும், முடிந்தால் இரண்டு இரவு தங்க வேண்டும். செப்புப் பள்ளத்தாக்கு என்பது ஒரே பள்ளமன்று; ஆறுகள் குடைந்த ஆறு பெரிய பள்ளங்களும் அவற்றின் கிளைகளும் சேர்ந்த தொகுதி. அவற்றில் ஆழமானது உரிகே, 1,800 மீட்டருக்கும் மேல். பெயரில் இருக்கும் செம்பு, பாறைச் சுவர்களின் நிறத்தைக் குறிப்பது என்பார்கள். அந்த நிறத்தை நண்பகலில் தேடினால் ஏமாற்றம்தான், பொழுது சாயும் கடைசி அரைமணி நேரத்தில் பாருங்கள். ரயிலில் வந்து ரயிலிலேயே போகிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை. அருகிலுள்ள சாகசப் பூங்காவில் ஏறத்தாழ 2.75 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடக் கூண்டு பள்ளத்தின் நடுவில் துருத்தி நிற்கும் பாறை வரை இட்டுச் செல்லும். காற்று வலுத்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

நிலையத்தின் உணவு வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விறகடுப்பாக்கி, மேலே இரும்புத் தகட்டில் நீலச் சோளமாவில் கோர்தித்தா என்னும் தடித்த அப்பம் சுட்டு, பிளந்து, நமக்கு வேண்டிய கறியை உள்ளே வைத்துத் தருகிறார்கள். சைவர்கள் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, அவரை வகைகளைக் கேட்கலாம். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம். அவரைக்கறியில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம், அதனால் ‘சின் மன்தேகா’ என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது நிறுத்தம் க்ரேல், 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள மரம்வெட்டும் ஊராக இருந்து சுற்றுலா ஊராக மாறியது. திவிசதேரோவிலிருந்து அங்கே செல்லும் வழியில் ‘எல் லாசோ’ என்ற இடத்தில் பாதை ஒரு முழுச் சுருக்காகத் தன்னையே கடப்பதைக் கவனியுங்கள். க்ரேலில் வங்கியும் பணம் எடுக்கும் இயந்திரமும் உண்டு. திவிசதேரோவை நம்பிப் போகாதீர்கள். இங்கிருந்து அரரேகோ ஏரி, காளான்களும் தவளைகளும் போன்ற பாறைகள் நிற்கும் பள்ளத்தாக்குகள், சன் இக்னாசியோ தேவாலயம், சுமார் 30 மீட்டர் விழும் குசாரரே அருவி ஆகியவற்றை ஒரு நாளில் பார்க்கலாம். நிலம் இம்மலைகளின் பழங்குடிகளான ராராமுரி மக்களின் பொதுநிலமாதலால் நுழைவில் சிறு கட்டணம் வாங்குவார்கள். மனமுவந்து கொடுங்கள், அது அவர்களுக்கே சேர்கிறது. க்ரேலோடு ரயிலை முடித்துக்கொண்டு பேருந்தில் சிவாவா செல்வதில் இழப்பேதும் இல்லை. அதற்கப்பால் புல்வெளியும், 1922 முதல் மென்னோனைட்டுகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் குடியேறி வாழும் குவாவ்தேமோக் வட்டாரத்தின் ஆப்பிள் தோட்டங்களும்தான். அவர்களுடைய பாலாடைக்கட்டி மட்டும் கேட்டு வாங்கத் தக்கது.

கூடை வாங்குவது

இந்த மலைகளில் வாழும் ராராமுரி மக்களை ஸ்பானியர் ‘தாராஉமாரா’ என்றனர். அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயருக்குக் ‘காலால் ஓடுவோர்’ என்று பொருள் கூறுவார்கள். ஆண்கள் மரப்பந்தைக் காலால் தள்ளிக்கொண்டும், பெண்கள் வளையத்தைக் கோலால் எறிந்துகொண்டும் பல மணி நேரம் மலையில் ஓடும் பந்தயங்கள் இன்றும் உண்டு. கடைவிரிப்பில் கிடக்கும் உருண்டை மரப்பந்தும் சிறு வளையமும் அந்தப் பந்தயங்களுக்கு உரியவை.

விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூப்போட்ட அகலப் பாவாடையும் தலைத்துணியுமாகத் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் பேசவே மாட்டார்கள், கூவி அழைக்கவும் மாட்டார்கள். கை மட்டும் ஓயாது. பைன் மரத்தின் நீண்ட ஊசியிலைகளை நாலைந்தாகச் சேர்த்துப் பட்டையாகப் பிடித்து, குறுக்காக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி முடைந்துகொண்டே போவார்கள். விளிம்பு வந்ததும் மடக்கி உட்புறமாகத் திருப்பி, மீண்டும் கீழ்நோக்கி முடைவதும் உண்டு, அப்போது கூடைக்கு இரட்டைச் சுவர் கிடைக்கிறது. பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் பைன் இல்லாததால் அங்கே சோட்டோல் என்ற கற்றாழை போன்ற செடியின் இலையையோ பனையோலையையோ பயன்படுத்துகிறார்கள். சோட்டோல் கூடை வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும்.

நல்ல கூடையைத் தெரிந்துகொள்ள மூன்று சோதனைகள் போதும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதிதாக முடைந்த பைன் கூடையில் பிசின் மணம் அடிக்கும். அடியைத் திருப்பி நடுப்பகுதியைப் பாருங்கள். முடைதல் தொடங்கிய இடம் இடைவெளியில்லாமல் இறுகியிருந்தால் தேர்ந்த கை. மேசைமேல் வைத்து அசைத்துப் பாருங்கள், ஆட்டம் சிறிதிருந்தால் குற்றமில்லை, மூடி மட்டும் சரியாக உட்கார வேண்டும்.

கூடையைத் தவிர, தரையில் நான்கு மரக்கட்டைகளை வைத்துக் கட்டிய தறியில் நெய்த கம்பளிப் போர்வையும் இடைக்கச்சையும், பைன் பட்டையில் செதுக்கிய பொம்மைகளும், ஆட்டுத்தோல் போர்த்த பறைகளும், பாதிரியார்கள் வழியாக அறிமுகமாகி ராராமுரி மக்களின் கையாலேயே செய்யப்பட்டுவரும் வயலின்களும் உண்டு. மண்பாண்டங்கள் மெருகில்லாதவை, திறந்த தீயில் சுட்ட கரும்படிவுகள் அங்கங்கே இருக்கும், அதுவே அடையாளம். மெல்லிய தூரிகைக் கோடுகளால் வடிவங்கள் தீட்டிய நேர்த்தியான பானைகளையும் சிவாவா கடைகளில் காண்பீர்கள். அவை வடக்கே மாத்தா ஓர்த்திஸ் ஊரில் குவான் கெசாதா (1940–2022) தொல்குடிப் பானைகளைப் பார்த்துப் பழகி மீட்டெடுத்த கலை, ராராமுரியுடையதன்று. இயந்திரத்தில் நெய்த பளபளப்பான போர்வைகளும் அதே விரிப்புகளில் கலந்திருக்கும், விலை குறைவாக, எல்லாம் ஒரே அளவில் மடித்திருந்தால் அவைதான்.

பேரம் பேசாதீர்கள். ஒரு நடுத்தரக் கூடைக்கு இலை பறிப்பது முதல் முடிப்பது வரை பல நாள் உழைப்பு, கேட்கப்படும் விலையோ பெரும்பாலும் நம் ஊரில் ஒரு வேளை உணவுக்கு ஆகும் செலவு. ரயில் ஊதியதும் பாதி விலைக்குக் கேட்கும் பயணிகளையும், சில்லறைக்கு அலைந்து கடைசி நொடியில் கூடையை வைத்துவிட்டு ஓடுகிறவர்களையும் திவிசதேரோ படிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்களின் பிழை எளிதில் தவிர்க்கக்கூடியது. 20, 50, 100 பெசோ தாள்களை க்ரேலிலோ எல் ஃபுவெர்த்தேயிலோ மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ‘குய்ரா’ என்று வணக்கம் சொல்லுங்கள், வாங்கியபின் ‘மதேதெரா’ என்று நன்றி கூறுங்கள். பதிலாகக் கிடைப்பது ஒரு மெல்லிய தலையசைப்பாகவோ, விரல் நுனிகளைத் தொட்டு விலகும் கைகுலுக்கலாகவோ இருக்கும். அது அலட்சியமன்று, அவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்துவதே அப்படித்தான்.

படம் எடுக்கும் முன் கட்டாயம் கேளுங்கள். முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று பொருள். கூடையை மட்டும் எடுப்பதற்கு மறுப்பு வருவது அரிது. குழந்தைகள் சிலர் ‘கோரிமா’ என்று கை நீட்டுவார்கள். அதைப் பிச்சை என்று மொழிபெயர்ப்பது தவறு. பஞ்சக்காலத்தில் இருப்பவர் இல்லாதவருக்குப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்னும் ராராமுரி முறையின் பெயர் அது. மிட்டாய் கொடுக்காமல், கையிலிருக்கும் பழத்தையோ ரொட்டியையோ பகிருங்கள். அல்லது அவர்கள் தாயின் விரிப்பில் ஏதேனும் வாங்குங்கள்.

க்ரேல் சதுக்கத்தை ஒட்டிய கைவினை அருங்காட்சியகத்தை, வாங்கிய பிறகல்லாமல் வாங்கும் முன் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் போதைப்பொருள் கும்பல்கள் இருக்கின்றன. 2022 ஜூனில் செரோகாவி தேவாலயத்திலேயே இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். சினலோவா மாநிலத்துக்கும் அரசுகளின் பயண எச்சரிக்கைகள் உண்டு. ரயிலும் மேற்சொன்ன நிறுத்தங்களும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழகிய தடம். அதிலிருந்து விலகி உள்மலைக்கு நடப்பதானால் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் செல்லுங்கள், இருட்டியபின் சாலைப் பயணம் வேண்டாம், பயிர் நிலங்களைப் படம் எடுக்க வேண்டாம். புறப்படும் வாரத்தின் நிலவரத்தை விடுதிக்காரரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

கொண்டுவரும் முறை

முதல் முறை வாங்கிய கூடையை முதுகுப்பையில் வெறுமையாகத் திணித்து, வீடு வந்து பார்த்தபோது மூடி கோணியிருந்தது. இன்றுவரை அது சரியாகப் பொருந்தவில்லை. கூடைக்குள் காலுறைகளையும் மெல்லிய துணிகளையும் அடைத்து, சிறியதைப் பெரியதற்குள் வைத்து, கைப்பெட்டியில் எடுத்துவாருங்கள். மண்பாண்டத்தைக் கம்பளிப் போர்வைக்குள் சுற்றலாம். இலை, பட்டை, தோல் ஆகியவற்றாலான பொருள்களை விமான நிலையச் சுங்கத்தில் கேட்கும் முன் நாமாகவே அறிவித்துவிடுவது நல்லது, குறிப்பாக அமெரிக்கா வழியாகத் திரும்புகிறவர்கள். முடைந்து உலர்ந்த கூடைக்குப் பெரும்பாலும் தடையில்லை, பதப்படுத்தாத தோல் போர்த்திய பறைதான் சிக்கல் தரும்.

வீடு சேர்ந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து உடனே எடுத்து இரண்டு நாள் நிழலில் காற்றாட வையுங்கள், ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். பச்சையாக வாங்கிய பைன் கூடை மெல்ல மெல்ல வைக்கோல் நிறமாக மாறும். அது கெட்டுவிட்டதன் அறிகுறியன்று. இலை முழுவதும் உலர்ந்துவிட்டது என்றே பொருள்.